அளவோடு கரையுங்கள், அவ்வப்போது ஆறுங்கள்

மண்ணூர்,
கத்திரி வெயில் காலம்.

ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும், உங்களை வேலை வாங்கும் சூப்பர்வைசர்களுக்கும், கான்டீன் எடுத்து நடத்துபவர்களுக்கும் எழுதுவது:

தொழிற்சாலை முதலுதவி அறையில் நர்சாக வேலை பார்ப்பவள் நான். உங்களில் பலர் "சிஸ்டர், ஒரு ஓஆர்எஸ் குடுங்க" என்றுதான் என்னிடம் பேச்சை ஆரம்பிப்பீர்கள். தலைவலிக்கும் அதைத்தான் கேட்கிறீர்கள். வயிற்றுப்போக்குக்கும் அதைத்தான் கேட்கிறீர்கள். நைட் ஷிஃப்டில் கண்ணைச் சுழற்றினாலும் அதையே கேட்கிறீர்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொட்டலம் யாருக்கு வேண்டும், எப்போது வேண்டும், யாருக்கு ஆகாது என்று உட்கார வைத்துச் சொல்ல ஷிஃப்ட் நடுவில் எனக்கு நேரம் வாய்ப்பதில்லை. நின்று கேட்க உங்களுக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூட்டில் உழைக்கிற உடம்புக்கு முதலில் தண்ணீர் வேண்டும். அடுத்தது வேளைக்குச் சாப்பாடு. ஓஆர்எஸ் என்கிற உப்புக் கரைசல் அதற்குப் பிறகுதான். அதுவும் வியர்வை ஆறாக ஓடுகிற நாளில், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு மாறாமல். இந்த மூன்றும் சேர்ந்தாலும் ஓய்வுக்கு ஈடாகாது.

முதலில் கரைக்கிற விஷயத்தைப் பார்ப்போம். லோடிங் பகுதியில் நான் அடிக்கடி பார்க்கிற காட்சி இது: ஒரு தம்பி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கிழித்து, பாதி குடித்து அரை லிட்டர் மிச்சமிருக்கும் பாட்டிலுக்குள் கொட்டுவார். பாட்டில் வாயிலிருந்து கொஞ்சம் தூள் வழிந்து கையுறையில் ஒட்டும். மூடியைத் திருகி இரண்டு குலுக்கு குலுக்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விடுவார். சட்டென்று முடிந்துவிடும் வேலை. அதில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் மொத்தம் 20.5 கிராம் தூள் இருக்கிறது: சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். இது ஒரு முழு லிட்டர் தண்ணீருக்கு. உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் என்ற வரிக்கு நேரே 135 முதல் 145 வரை இயல்பு என்று போட்டிருக்கும். அதே கணக்கில், சரியாகக் கரைத்த ஓஆர்எஸ்ஸில் சோடியம் 75. அரை லிட்டரில் கரைத்தால் 150. ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். 200 மில்லி டம்ளரில் கரைத்தால் 375. அவ்வளவு கெட்டியான கரைசல் உள்ளே போனால், குடலுக்குள் தண்ணீரை உடம்பிலிருந்து இழுக்கும். குமட்டும், வயிறு கலங்கும், தாகம் கூடும். தாகம் தீரக் குடித்தது தாகத்தை வளர்த்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இருபது லிட்டர் கேனில் ஒரு பொட்டலத்தைப் போட்டுக் கலக்கி, "ஓஆர்எஸ் வெச்சாச்சு" என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். அதில் சோடியம் 4கூடத் தேறாது. அது வெறும் தண்ணீர்தான். இருபது லிட்டருக்கு இருபது பொட்டலம் வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. எந்தப் பொட்டலம் வாங்கினாலும் எத்தனை மில்லிக்கு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படித்து, அந்த அளவு தண்ணீரை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, பிறகு கிழியுங்கள். அதோடு சர்க்கரை சேர்க்காதீர்கள். சோடாவிலோ ஜூஸிலோ கலக்காதீர்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

இந்த உப்பும் சர்க்கரையும் ஏன் சேர்ந்தே இருக்கின்றன என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகவே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே தண்ணீரும் போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த முகாமில் இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. நாம் சில்லறைக் காசுக்கு வாங்கும் பொட்டலத்தின் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அதை மதித்துக் கரைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அது வயிற்றுப்போக்குக்காகப் பிறந்த கரைசல். வியர்வைக்கும் உதவும், ஆனால் எல்லா வியர்வைக்கும் தேவையில்லை. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் குடித்தால் ஏறக்குறைய 1.7 கிராம் சோடியம் உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் சோடியம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஏசி ஹாலில் உட்கார்ந்து போர்டு அசெம்பிளி செய்யும் தங்கை, வெயில் காலம் என்பதற்காகத் தினம் ஒரு லிட்டர் குடித்தால், சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு நாளின் உப்பைச் சேர்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தண்ணீரும் கான்டீன் சாப்பாடும் போதும்.

அதே நேரம் ஃபவுண்டரியில் உலை முன்னால் நிற்பவர், டயர் கம்பெனியில் க்யூரிங் பிரஸ் பக்கம் வேலை பார்ப்பவர், பெயின்ட் ஷாப் ஓவன் அருகே இருப்பவர், தகரக் கூரையின் கீழ் கன்டெய்னரில் சரக்கு ஏற்றுபவர், கட்டட வேலையில் கம்பி கட்டுபவர், இவர்கள் கதை வேறு. கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். அதில் போகும் உப்பு ஆளுக்கு ஆள் மாறும். சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடாக உப்பு பூத்திருந்தால், உங்களுக்கு உப்பு நிறையப் போகிறது என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வியர்த்துக் கொட்டும் வேலையா? காலையில் சாப்பிடாமல் கம்பெனி பஸ் ஏறினீர்களா? ஓவர்டைம் சேர்த்து இரட்டை ஷிஃப்டா? கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா? அப்போது ஷிஃப்டில் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது சரி. மீதித் தாகத்துக்கு வெறும் தண்ணீர்.

சதை இழுத்துப் பிடிப்பதற்கும் உப்புக்கும் உள்ள தொடர்புக்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1920களில் இங்கிலாந்தின் ஆழமான, சூடான நிலக்கரிச் சுரங்கங்களில் ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் சதைப்பிடிப்பில் துடித்தார்கள். நெவில் மாஸ் என்பவர் 1923இல் அதை ஆராய்ந்து எழுதினார். வியர்வையில் உப்பு போகிறது, வெறும் தண்ணீர் மட்டும் திரும்பி வருகிறது, அதனால்தான் பிடிக்கிறது என்பது தெரியவந்தது. தண்ணீரில் சிறிது உப்பு சேர்த்ததும் பிடிப்பு குறைந்தது.

தண்ணீரும் அளவு மீறினால் ஆபத்து என்பதை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குப் பதிமூன்று பேருக்கு சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்தது முக்கியக் காரணம். அதனால் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வெப்பத்தில் வேலை செய்யும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, எப்படியும் மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது. பிரேக் விடும்வரை காத்திருந்து இரண்டு லிட்டரை ஒரேயடியாக விழுங்குவது உடம்புக்கு உதவாது. உப்பு மாத்திரையும் வேண்டாம் என்பதே அவர்கள் அறிவுரை.

இனி கடை ஃப்ரிட்ஜுக்கு வருவோம். கேட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் மூன்று விதமான பானங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றையும் ஒன்றாக நினைக்காதீர்கள். விளையாட்டுக்காரர்களுக்கான ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஒன்று. லிட்டருக்கு அறுபது கிராம் அளவுக்குச் சர்க்கரை, ஓஆர்எஸ்ஸில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கடும் உழைப்பு நாளில் ஒன்று குடிக்கலாம். தினசரிப் பழக்கம் வேண்டாம். இரண்டாவது எனர்ஜி டிரிங்க். அதில் இருப்பது காஃபினும் சர்க்கரையும். சூட்டில் ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சை அது இன்னும் படபடக்க வைக்கும். களைப்பை மறைக்கும், களைப்பு போகாது. வெயில் வேலையில் அதைத் தொடாதீர்கள். நைட் ஷிஃப்ட் தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் பலரை ஏமாற்றியது: ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் பெயரில் வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீராக விற்ற அட்டைப்பெட்டி பானங்கள். ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எந்தப் பானமும் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் இலவசமாகவே தருவார்கள்.

கடைக்கே போகாமலும் சமாளிக்கலாம். உப்புப் போட்ட நீர்மோர், வெங்காயம் கடித்துக் குடிக்கிற கேழ்வரகுக் கூழ், பழையசோற்று நீராகாரம், உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் எல்லாமே தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே தருகின்றன. இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரோடு நாலு வாய் சாப்பாடும் உள்ளே போக வேண்டும். கான்டீன் நடத்துபவர்களே, மதியம் ஒரு டம்ளர் நீர்மோரை எல்லாருக்கும் வையுங்கள். பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, சுத்தமான தண்ணீரில். ஒரு நாள் செய்து பாருங்கள். பாத்திரம் காலியாகத் திரும்பி வரும்.

சிலருக்கு எச்சரிக்கை. பிபி, சர்க்கரை, இதயநோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்புக் கரைசலையும் இளநீரையும் அதிகமாகக் குடிக்க வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டிய அண்ணன்மார்களே, பிபி பார்த்து எத்தனை நாளாயிற்று? முதலுதவி அறைக்கு ஒரு நடை வாருங்கள்.

போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவும், வெப்பத்தில் உழைப்பவர்களின் உடம்பு என்ன ஆகிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். உப்பளம், உருக்காலை என்று நேரில் போய்ப் பார்த்தவர்கள். உடம்பு மீண்டும் மீண்டும் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பது அவர்கள் ஆய்வுகள் உணர்த்தும் முக்கியமான செய்தி. இங்கே தங்கைகளிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கழிவறைக்குப் போக லைனை விட்டு எழுந்தால் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிஃப்டை ஓட்டுகிறீர்கள். சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலுமாக என்னிடம் வரும்போது உங்களில் பலர் சொல்லும் காரணம் இதுதான். அதற்கு எந்தப் பொட்டலமும் மருந்தாகாது. தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கட்டும். டீ நிறத்துக்குப் போனால் உடம்பு வற்றிவிட்டது. கழிவறைக்குப் போக அனுமதி கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சம் வேண்டாம்.

சூப்பர்வைசர்களே, ஹெச்ஆரில் இருப்பவர்களே, இனி உங்களிடம். ஓஆர்எஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த டிரெய்னியின் உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு வியர்வை சீக்கிரம் வரும், அதில் போகும் உப்பு குறையும். அதற்குள் முழு வேலையைத் தலையில் கட்டினால் ஆள் விழுந்துவிடுவார். நியோஷ் சொல்வது இது: புது ஆளுக்கு முதல் நாள் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுங்கள். தீபாவளிக்கோ சட் பூஜைக்கோ ஊருக்குப் போய்விட்டு வருகிறவருக்கும் முதல் நாள் பாதி வேலைதான்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றும், குடிநீர் இருக்கும் இடத்தைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே யோசித்திருக்கிறார்கள். இன்று நம் லைனில் பாதிப்பேர் இந்தியும் ஒடியாவும் அசாமியும் பேசுகிறார்கள். ஓஆர்எஸ் கரைக்கும் அளவை அவர்கள் மொழியிலும் எழுதி, பொட்டலத்தையும் ஒரு லிட்டர் ஜக்கையும் படமாகப் போட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டுங்கள். கான்ட்ராக்ட் ஆள், செக்யூரிட்டி, லாரி டிரைவர் என்று பார்க்காமல் எல்லாரும் அந்தக் குழாய்க்கு வரலாம் என்று சொல்லுங்கள்.

மே மாதம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 6ஆம் தேதி, மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, உடம்பு ஆறாது. அதே மாதத்தில்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. அந்தப் பணம் யாருக்கும் தேவைப்படாத வட்டாரமாக இது இருக்க வேண்டும்.

கடைசியாக, உயிர் போகிற நேரத்துக்கு. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது ஓஆர்எஸ் கொடுக்கும் நேரமில்லை. வியர்வை நின்றிருக்கலாம், வழிந்துகொண்டும் இருக்கலாம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, அவரை நிழலுக்குத் தூக்குங்கள். சேஃப்டி ஷூவையும் கனமான உடையையும் கழற்றி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஃபேனைத் திருப்புங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். உடம்பைக் குளிர வைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவரைக் காப்பாற்றும்.

இந்த மடலைத் தமிழ் தெரியாத உங்கள் லைன் தோழருக்கு இன்றைக்கே ஒரு முறை வாசித்துச் சொல்லுங்கள். நாளைக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சாப்பிட்டுவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எடுத்து வாருங்கள். தலை சுற்றினால் வேலையை நிறுத்திவிட்டு உட்காருங்கள். யார் என்ன கேட்டாலும் சிஸ்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்